பிறர்க்கு ஆறுதல் பாடிய கவிஞர் வில்லியம் கூப்பர்

புலவர் வரலாறுகளைப் பயில்வோர் ஓர் உண்மையை எளிதிற் காண்பர். நகைச்சுவை ததும்பப் பாடியவன் தன் இல்லத்திலே நகைத்து வாழ்ந்தவனாக இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இறைவன் கருணையைப் பாடியவன் அக்கருணையை எந்நாளும் தன் நெஞ்சில் உணர்ந்தவனாக இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து நகையையும் அழுகையையும் அடுத்தடுத்து வைத்தார். அவ்விரண்டும் ஒருவர் நெஞ்சிலே வாழ்நாள் முழுதும் அருகருகே குடியிருந்த வரலாறு ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன். 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் கூப்பர் என்னும் கவிஞரின் வரலாறே அது.

ஆங்கிலத் திருச்சபைகளில் இன்றும் பாடப்பெறும் ஞானப்பாட்டுக்களுள் சில அவர் இயற்றியவை. இறைவன் செயல் மனிதர் அறிவுக்கு எட்டாதது எனினும் அதன் உள்ளே நன்மையே உறைகின்றது என்னும் கருத்தமைந்த பாட்டும் அவற்றுள் ஒன்று. துயருற்றோர் பலர் தலைமுறை தலைமுறையாக அதனைப் பாடித் தேறினர். பாடியவரோ தம் வாழ்நாளின் இறுதி 27 ஆண்டுகளையும், இறைவன் தம்மைத் தள்ளிவிட்டான் என்னும் எண்ணத்துடனேயே கழித்தார். இம்முரண்பாட்டுக்கு எவ்வாறு பொருள் கொள்வது? இவ்வினாவை மனத்திற்கொண்டே அவர் வரலாற்றை நாம் நோக்குதல் வேண்டும்.

தாயை இழந்த பிள்ளை

கூப்பர் 1731 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பேர்க்கம்ஸ்ரெட் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குருவானவர். பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பு முன்னரே, 1737 இல், மற்றோர் ஆண் மகவைப் பெற்ற சில நாட்களில் தாயார் இறந்தார். அடக்கநாளில் ஒலித்த மணியோசையும், சவவண்டி மெல்ல அகன்று சென்ற காட்சியும், சாளரத்தண்டை நின்று தாம் அழுததும், தாய் திரும்பி வருவாள் எனப் பணிப்பெண்கள் சொன்னதை நம்பி நாள்தோறும் ஏமாந்ததும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 53 ஆண்டுகள் கழித்து, 1790 இல், உறவினர் ஒருவர் தாயாரின் உருவப்படத்தை அனுப்பிவைத்தபோது, அந்நினைவுகள் அனைத்தும் ஒரு பாட்டாய்ப் பெருக்கெடுத்தன. ஆங்கிலத்தில் எழுந்த கையறுநிலைப் பாட்டுக்களுள் அது தலைசிறந்தவற்றுள் ஒன்றென்பது என் கருத்து.

தாயை இழந்த சிறுவன் தங்கிப் பயிலும் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே பதினைந்து வயது நிரம்பிய முரடன் ஒருவன் அவனை இரகசியமாக வதைத்து வந்தான். அவன் முகத்தை நிமிர்ந்து நோக்கவும் அஞ்சிய சிறுவன், அவனுடைய சப்பாத்தின் கொளுவியைக் கொண்டே அவனை அடையாளம் கண்டான் என்று கூப்பர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஆசிரியத் தொழில் செய்வோர் மறக்கலாகாத செய்தி இது. தலைகுனிந்தே இருக்கும் மாணவனை அடக்கமுள்ளவன் எனப் பாராட்டிவிட்டு நாம் அப்பாற் செல்கின்றோம். அவன் குனிந்து எதனைப் பார்க்கின்றான் என்பதை நாம் அறிவதில்லை.

பின்னர் வெஸ்ற்மின்ஸ்ரர்ப் பள்ளியிலே இலத்தீனும் கிரேக்கமும் நன்கு கற்றார். இந்தியாவில் வங்காளத்தின் முதல் மகாதேசாதிபதியாக விளங்கிய வாறன் ஹேஸ்ரிங்ஸ் அங்கே அவருடைய உடன்மாணவர். தந்தையார் விருப்பப்படி சட்டம் பயின்று 1754 இல் நியாயவாதியானார். எனினும் நீதிமன்றத்தை அவர் மனம் நாடவில்லை. ஏறத்தாழ இருபத்தொரு வயதிலேயே காரணம் காணவியலாத பெருஞ்சோர்வு ஒன்று அவரைப் பற்றியது. படிப்பிலும் நட்பிலும் இருந்த சுவை அற்றுப் போயிற்று. ஜோர்ஜ் ஹேபேட் என்னும் பக்திக் கவிஞரின் பாடல்களே அப்பொழுது அவருக்கு ஓரளவு துணையாயின. அக்காலத்தில் தம் சிற்றப்பன் மகள் தியடோராவை அவர் விரும்பினார். அவளும் விரும்பினாள். பெண்ணின் தந்தை இசையாமையால் அவ்விருப்பம் கைகூடவில்லை. தியடோரா இறுதிவரை மணம் செய்யாது வாழ்ந்தாள்.

சபையும் அச்சமும்

1763 இல் ஓர் உத்தியோகம் அவரைத் தேடி வந்தது. பிரபுக்கள் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் பேணும் எழுத்தர் பதவி அது. உறவினர் ஒருவருக்கு அப்பதவிக்கு ஆளைப் பெயர்குறிக்கும் உரிமை இருந்தது. ஆனால் எதிர்க்கட்சியார் வழக்காடியமையால், கூப்பர் சபைமுன் நின்று பரீட்சிக்கப்படல் வேண்டும் என்று முடிவாயிற்று. மற்றையோர்க்கு இஃது ஒரு சில மணி நேர இடர். அவருக்கோ மரணதண்டனை போலாயிற்று. மாதக்கணக்காகக் குறிப்பேடுகளைப் புரட்டினார். கண் எழுத்தைக் கண்டது, கருத்து ஒன்றையும் பற்றவில்லை. பரீட்சை நாள் நெருங்க நெருங்க அறிவு கலங்கித் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளப் பன்முறை முயன்றார். முயற்சிகள் தவறின. உயிர் பிழைத்த பின் குற்றவுணர்வு அவரைச் சூழ்ந்தது. மன்னிப்பே இல்லாத பாவம் செய்துவிட்டதாக எண்ணி நடுங்கினார்.

1763 டிசம்பரில் சென்ற் அல்பன்ஸ் நகரிலே வைத்தியர் நத்தானியேல் கொற்றன் நடாத்திய மனநோய் இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்து வேடிக்கை பார்த்த காலம் அது. கொற்றன் அத்தகையவர் அல்லர். தாமும் கவிபாட வல்லவர். இறைபத்தியும் இரக்கமும் உடையவர். நோயாளருடன் இருந்து உரையாடுபவர். அவருடைய பராமரிப்பில் மெல்லத் தெளிவடைந்த கூப்பர், 1764 இல் ஒருநாள் அங்கே கிடந்த வேதாகமத்தை எடுத்து, உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்தார். பாவமன்னிப்பு மனிதனின் தகுதியால் வருவதன்று, கிறிஸ்துவின் பலியினால் வருவது என்னும் பகுதி அது. படித்த அக்கணத்திலேயே தம் நெஞ்சிற் பேரொளி புகுந்தது என்று அவர் உணர்ந்தார். அவருடைய கிறிஸ்தவ விசுவாசம் உயிர்பெற்ற இடம் ஆலயமன்று; மனநோய் இல்லமே.

ஓல்னியில் ஒரு புகலிடம்

1765 இல் அவ்வில்லத்தை நீங்கி ஹன்டிங்டன் என்னும் சிற்றூரிற் குடியேறினார். அங்கே குருவானவர் அன்வின் குடும்பத்தாரின் நட்புக் கிடைத்தது. அவர்கள் இல்லத்திலேயே தங்கலானார். 1767 இல் அன்வின் குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார். அவர் மனைவி மேரி அன்வின் கூப்பரை விட ஏழு வயது மூத்தவர். அன்று தொடங்கித் தம் மரணம்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்வம்மையார் கூப்பரைக் கண்ணை இமை காப்பதுபோற் காத்தார்.

இருவரும் ஓல்னி என்னும் ஊருக்குச் சென்றனர். அங்கே உதவிக் குருவாக இருந்தவர் ஜோன் நியூற்றன். அடிமைகளை ஏற்றிய கப்பலின் தலைவராக இருந்து, மனந்திரும்பிக் குருத்துவம் பூண்டவர் அவர். ஓல்னி மக்களிற் பலர் லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள். அவர்களுடைய குடிசைகளுக்குக் கூப்பரும் நியூற்றனுடன் சென்று நோயாளரைக் கண்டார், செபக்கூட்டங்களிற் கலந்துகொண்டார். இருவரும் அவ்வெளிய மக்கள் பாடுதற்பொருட்டு ஞானப்பாட்டுக்களை இயற்றினர். 1779 இல் வெளிவந்த ஓல்னிப் பாட்டுத் தொகுதியில் 348 பாட்டுக்கள் உள்ளன. அவற்றுள் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை.

அந்நூல் வெளிவருமுன்னரே அவருடைய ஒளி அணைந்துவிட்டது. உலகம் நன்கறிந்த நியூற்றனின் அருட்பாட்டு 1773 புத்தாண்டுத் தினப் பிரசங்கத்துக்காக எழுதப்பட்டதாகக் கருதப்படுகின்றது. அதே ஜனவரியின் தொடக்க நாட்களிலேயே கூப்பரைப் பழைய நோய் மீளவும் பற்றியது. நான் முன்னர்க் குறித்த, இறைவன் செயலின் மறைபொருளைப் பாடும் பாட்டு இந்நோயின் வாயிலிலே நின்று பாடப்பட்டது. இப்பாட்டுப் பிறந்தவாறு பற்றிப் பிரசங்கிகள் சொல்லும் ஒரு கதை உண்டு. தம்மை மாய்த்துக்கொள்ள அவர் வண்டியேறிச் சென்றார் என்றும், வண்டிக்காரன் வழிதவறி அவரை வீட்டு வாயிலிலேயே கொணர்ந்து விட்டான் என்றும் அது கூறும். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ள வரலாறோ அக்கதையினும் கொடிது. பாட்டை முடித்த கவிஞர் ஆறுதல் பெறவில்லை, இருளிற் புகுந்தார்.

அடுத்த மாதத்திலே அவர் ஒரு கனவு கண்டார். அவர் முற்றாக அழிந்துவிட்டார் என்னும் தீர்ப்பு அக்கனவிலே உரைக்கப்பட்டது. அத்தீர்ப்பை இறைவனின் வாக்கென்றே அவர் கொண்டார். அதன்பின் ஆலய வழிபாட்டுக்குச் செல்வதை விட்டார். செபிக்கும் உரிமை தமக்கில்லை என்று ஒதுங்கினார். மேரி அன்வினை அவர் மணப்பதாக இருந்த ஏற்பாடும் குலைந்தது. ஓராண்டுக்கு மேலாக நியூற்றனின் இல்லத்திலே தங்கியிருந்தார். அத்துணைக் காலமும் நியூற்றன் அவரை வெறுத்தொதுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சமயம் செய்த தீங்கா?

கூப்பரின் நோய்க்கு நியூற்றனின் கடுமையான சமயக்கொள்கையே காரணம் என்று கூறிய திறனாய்வாளர் உளர். கல்வினின் வழிவந்த கொள்கைப்படி, மீட்படைவோரை இறைவன் முன்னரே தெரிந்துகொள்கின்றான். தாம் தெரிந்துகொள்ளப்படவில்லை என்னும் அச்சம் மென்மையான நெஞ்சை உடைத்துவிட்டது என்பது அவர்கள் வாதம். இஃது ஆராயத்தக்கது.

முதலாவதாக, கூப்பருக்குச் சோர்வுநோய் இருபத்தொரு வயதிலேயே தோன்றிற்று. இரண்டாம் முறை முப்பத்திரண்டாம் வயதில் வந்தது. அவ்விருமுறையும் அவர் நியூற்றனை அறியார். இரண்டாவதாக, அக்கொள்கையை ஏற்பவரும் இன்னார் தள்ளப்பட்டார் என ஒருவரைச் சுட்டிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பர். நியூற்றன் இதனையே சலியாது எடுத்துக் கூறினார். கூப்பரோ உலகத்தார் அனைவர்க்கும் கருணை உண்டென்றும், தமக்கு மாத்திரம் இல்லை என்றும் நம்பினார். இஃது எந்தச் சமயத்தின் போதனையும் அன்று; நோயின் போதனை. நோய் தனக்கு வேண்டிய சொற்களைத் தான் வாழும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. செல்வனிடத்திலே அது வறுமையச்சமாகப் பேசும். பத்தனிடத்திலே நரகபயமாகப் பேசும். அக்கொள்கை அவருடைய அச்சத்துக்கு உருவம் கொடுத்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அச்சத்தைப் பிறப்பித்தது அதுவன்று.

இக்காலத்து மருத்துவம் இத்தகைய சோர்வை நோய் என்றே வகுக்கின்றது. மருந்தும் முறையான உளவளத்துணையும் அதற்கு உண்டு. கூப்பர் காலத்தில் இவை இல்லை. எனினும் நோயுற்றவரின் பத்தியை அளந்து குறைசொல்லும் வழக்கம் இக்காலத்திலும் ஒழிந்தபாடில்லை. என்னுடன் படிப்பித்த கிறிஸ்தவ அன்பர் ஒருவர் ஒருமுறை இவ்வாறு நோயுற்று வீட்டோடு இருந்தார். காணச் சென்றோரிற் பலர், செபம் போதாது என்றும் விசுவாசம் தளர்ந்துவிட்டது என்றும் அறிவுரை கூறினர். அவர் வாய்திறவாது கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவம் பெற்றுக் குணமடைந்து வகுப்புக்குத் திரும்பிய பின்னர், தம்மை மீட்டவர்கள் இருவர் என்று என்னிடம் சொன்னார். ஒருவர் வைத்தியர். மற்றவர், மாலைதோறும் வந்து ஒன்றும் கேளாது உடனிருந்து தேநீர் அருந்திச் சென்ற அயலவர். அதனைக் கேட்டபோது மேரி அன்வின் அம்மையாரே என் நினைவுக்கு வந்தார்.

முயலும் தோட்டமும் கவிதையும்

1774 இல் கூப்பர் சிறிது தெளிந்தபோது, அயலிலிருந்த பிள்ளைகள் வளர்க்கவியலாத முயற்குட்டி ஒன்று அவரிடம் வந்தது. அதனைக் கண்டு ஊரார் மேலும் பல குட்டிகளைக் கொணர்ந்தனர். மூன்றை அவர் ஏற்றார். மூன்றும் ஆண் முயல்கள். பெயர்களோ பஸ், ரைனி, பெஸ் என்பன. தம் கையாலேயே அவற்றுக்கு மரக்கூடு செய்தார். பஸ் நோயுற்றபோது அருகிருந்து பேணினார். அது குணமடைந்து அவர் கையை நக்கி நன்றி தெரிவித்தது. தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் அவருடைய சட்டையை இழுத்து அழைக்கும். ரைனியோ இறுதிவரை இணங்காத முரட்டு முயல். அதனையும் அவர் நேசித்தார். 1784 இல் இம்முயல்களைப் பற்றி ஒரு சஞ்சிகைக்கு அவர் எழுதிய கட்டுரை இன்றும் சுவை குன்றாதது. பஸ் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது.

தச்சுவேலை, தோட்டவேலை, கண்ணாடி மனையில் செடி வளர்த்தல் ஆகியவற்றால் நாட்களை நிரப்பினார். சும்மா இருக்கும் பொழுதே நோயின் வேட்டைக்காலம் என்பதை அவர் அறிந்திருந்தார். நியூற்றன் இலண்டனுக்கு மாறிச் சென்றபின், மேரி அம்மையார் நெடும்பாட்டு எழுதுமாறு தூண்டினார். 1782 இல், ஐம்பது வயதில், அவருடைய முதற் கவிதை நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஒஸ்ரின் சீமாட்டி என்னும் நண்பர், அவர் சோர்ந்திருந்த ஒரு மாலையில் ஒரு வேடிக்கைக் கதையைச் சொன்னார். குதிரை கட்டுக்கடங்காது ஓட, இறங்கவேண்டிய ஊரில் இறங்க முடியாது தவித்த துணி வியாபாரி ஒருவனின் கதை. அதுவே ஜோன் கில்பின் என்னும் பாட்டாயிற்று. இங்கிலாந்து முழுவதும் அதனைப் படித்துச் சிரித்தது.

பாடுதற்குப் பொருள் கேட்டபோது, வீட்டிலுள்ள சோபாவைப் பாடுக என்று அச்சீமாட்டியே விளையாட்டாகச் சொன்னார். அது வளர்ந்து ஆறு காண்டங்களையுடைய ‘ராஸ்க்’ என்னும் காவியமாகி 1785 இல் வெளிவந்தது. இட்ட பணி என்பது அதன் பொருள். வயலும் ஆறும் பனிக்கால மாலையும் அதில் உயிர்பெற்றன. வேடரின் அம்புகள் பாய்ந்து மந்தையைப் பிரிந்த மானாகத் தம்மைக் காட்டும் இடமும் அதில் உண்டு. அடிமை வியாபாரத்தை அந்நூலிலே கண்டித்தவர், 1788 இல் அதற்கெதிராகத் தனிப்பாட்டுக்களும் எழுதினார். அவை அச்சாகி மக்களிடையே பரவின. அதே ஆண்டில் நியூற்றனும் தம் பழைய தொழிலின் கொடுமையை நூலாக எழுதி வெளியிட்டார். தமக்கு இறைவனிடம் நீதி இல்லை என்று எண்ணியவர் பிறர்க்கு நீதி வேண்டிப் பாடினார்.

1787 இன் தொடக்கத்தில் நான்காம் முறையாக நோய் வந்து ஆறு மாதம் வாட்டியது. எழுந்து, ஹோமரின் இரு காவியங்களையும் பெயர்க்கும் பணியைத் தொடர்ந்தார். அது 1791 இல் நிறைவெய்தியது. நாள்தோறும் வரையறுத்த அளவு அடிகளை எழுதுதல் அவருக்கு மருந்து போன்றதாயிற்று.

இறுதிக் காலம்

1791 இன் இறுதியில் மேரி அம்மையாரை வாதநோய் தாக்கியது. அவர் உடலும் அறிவும் படிப்படியாகத் தளர்ந்தன. காத்தவரைக் காக்கும் முறை கூப்பருக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் தம்மைத் தாங்கிய கைகள் ஊசியையும் பிடிக்கமாட்டாது ஓய்ந்ததைக் கண்டு அவர் பாடிய பாட்டு நெஞ்சை உருக்குவது. 1794 இல் அரசு ஆண்டுக்கு 300 பவுண் உதவிப்பணம் அளித்தது. அதனை அறிந்து மகிழும் நிலையில் அவர் இல்லை. 1795 இல் இளைஞரான உறவினர் ஜோன் ஜோன்சன் இருவரையும் நோர்போக் பகுதிக்கு அழைத்துச் சென்று பேணினார். 1796 டிசம்பரில் மேரி அம்மையார் இறந்தார்.

1799 இல் கூப்பர் தம் இறுதிப் பெரும்பாட்டை எழுதினார். கடற்பயணி அன்சனின் நூலிலே தாம் படித்த செய்தி ஒன்று அதன் பொருள். புயலிற் கப்பலிலிருந்து கடலில் வீழ்ந்த மாலுமி நெடுநேரம் நீந்துகின்றான். தோழர் காப்பாற்ற விரும்பியும் காற்று கப்பலை அகற்றிவிடுகின்றது. அம்மாலுமியினும் ஆழத்திலே தாம் மூழ்குவதாகக் கூப்பர் பாட்டை முடித்தார். 1800 ஏப்ரல் 25 இல் ஈஸ்ற் டெறம் என்னும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது. இறந்த பின் அவர் முகத்திலே அமைதியும் வியப்பும் கலந்து தோன்றின என்று ஜோன்சன் எழுதிவைத்தார். அதற்குமேற் சொல்லுதற்கு நமக்கு உரிமை இல்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கூப்பர் விசுவாசத்தை இழந்தவரா? இறைவன் இலன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவன் கருணை பொய் என்றும் சொல்லவில்லை. அக்கருணை பிறர்க்கு உண்டு என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. விசுவாசம் அவரிடம் இருந்தது. அதன் ஆறுதலே இல்லாமற் போயிற்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேதான் துன்புறுவோரை மேலும் துன்புறுத்துகின்றோம். அவர் செபிக்கவியலாத ஆண்டுகளிலே மேரியும் நியூற்றனும் அவருக்காகச் செபித்தனர். அவர் நம்பவியலாததை அவருக்காக நம்பினர். அவரும் தம் பங்குக்கு முயலுக்குக் கூடு செய்தார், செடிக்கு நீர் வார்த்தார், அடிமைகளுக்காகப் பாடினார்.

ஓல்னியில் அவர் வாழ்ந்த இல்லம் 1900 ஆம் ஆண்டு முதல் அரும்பொருளகமாக விளங்குகின்றது. அவருடைய பாட்டுக்களை ஆலயங்கள் பாடிக்கொண்டிருக்கின்றன. எவ்வொளியைத் தம்மாற் காணவியலாது என்று அவர் வருந்தினாரோ, அவ்வொளியைப் பிறர் காணத் தூண்டியது அவர் கைதான். தூண்டிய கைக்கு வெப்பம் எட்டவில்லை என்பதற்காக விளக்கு எரியவில்லை என்று நாம் சொல்லலாமா?